புரோமின் நீர் ஏமாற்றும் இடம்

ஆல்கஹாலிலிருந்து ஆல்கீன் பெற வேண்டுமானால் அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கு: தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளில் இதுதான் பாடம். சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிளஸ் டூ போகும் பிள்ளைகளுக்கும், போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் சமன்பாடு ஒன்றே. 443 கெல்வினில், அதாவது 170 டிகிரி செல்சியஸில், 46 கிராம் எத்தனால் 28 கிராம் எத்திலீனும் 18 கிராம் நீருமாகப் பிரிகிறது. தாளில் எல்லாம் சரிதான். குடுவைக்குள் நடப்பதில் பாதியைப் பாடம் சொல்வதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

முதலில் அமிலத்தின் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஆல்கஹாலில் உள்ள ஓஎச் தொகுதி தானாகக் கழன்று வராது. அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்த பிறகே அது நீராக மாறி விலகும். பக்கத்துக் கார்பன் ஒரு ஹைட்ரஜனை இழக்க, இரட்டைப் பிணைப்பு உருவாகும். இந்த வேலையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திடம் கொடுத்தால் குளோரைடு அயனி நடுவில் புகுந்து குளோரோ சேர்மத்தைத் தந்துவிடும். நைட்ரிக் அமிலமோ ஆல்கஹாலையே ஆக்சிஜனேற்றிவிடும். கந்தக அமிலத்தின் எதிரயனிக்கு அப்படிப் புகும் நாட்டம் குறைவு; 170 டிகிரியிலும் அமிலம் ஆவியாகி ஓடாமல் குடுவையில் நிற்கும்; விலையும் மலிவு. 1795இல் டச்சு வேதியியலாளர் நால்வர் எத்திலீனை ஆராய்ந்தபோதும் ஆல்கஹாலையும் இந்த அமிலத்தையும் கொண்டுதான் வாயுவைத் தயாரித்தார்கள். வினைவழிமுறையைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆனால் இந்த அமிலம் நீரை மட்டும் எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. 140 டிகிரியை ஒட்டி, ஆல்கஹால் மிகுதியாக இருந்தால், எத்திலீனுக்குப் பதில் டைஎத்தில் ஈதர் வரும். எளிதில் தீப்பற்றும் அந்த ஆவிக்கும் நாம் கேட்ட வாயுவுக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 30 டிகிரிதான். அதற்கு மேலே போனால் அமிலம் ஆல்கஹாலைக் கரியாக்கும். குடுவை பழுப்பாகிப் பிறகு தார்போலக் கறுக்கும். அமிலம் அந்தக் கரியோடு மேலும் வினைபுரிய, சல்பர் டைஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் கிளம்பும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம். வெளிவரும் வாயு ஆல்கீன்தானா என்று பார்க்க அதைப் புரோமின் நீரில் செலுத்துகிறோம். செம்பழுப்பு நிறம் மறைந்ததும் எத்திலீன் வந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதுகிறோம். சல்பர் டைஆக்சைடும் புரோமின் நீரை இதேபோல நிறமிழக்கச் செய்யும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் விட்டுவைக்காது. நடுவே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வாயுவைக் கழுவாவிட்டால், ஒரு குமிழி எத்திலீன்கூட வராமலே சோதனை வெற்றி பெறும். மாணவர் கற்பது தவறான சான்றை நம்புவதைத்தான். பரிசோதனை என்ற பெயரில் இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

ஆல்கஹாலிலிருந்து நீர் நீங்க நீங்க, அந்த நீர் கலந்து அமிலமும் நீர்த்துப்போய் வேகம் இழக்கிறது. வினையூக்கி என்று பெயர் சொன்னாலும், எத்தனாலில் அதை அள்ளி ஊற்றவேண்டியிருக்கிறது. கடைசியில் மிஞ்சும் கரிய அமிலக் கழிவைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது சிறிய பள்ளிக்குச் சுமை.

தொழில்துறையோ, எத்தனால் ஆவியைச் சூடான அலுமினா போன்ற திட வினையூக்கிகள் மீது செலுத்தும் வழிக்கு எப்போதோ வந்துவிட்டது. உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் நிறுவனம் கரும்பாலைக் கழிவுப்பாகில் கிடைத்த எத்தனாலை எத்திலீனாக்கி, அதிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான கிளைக்கால் செய்து காட்டியது. நம் வயல் கரும்பிலிருந்து பிளாஸ்டிக் வரை நீளும் இந்தப் பாதையைப் பாடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் சைக்ளோஹெக்சனாலிலிருந்து சைக்ளோஹெக்சீன் எடுக்கப் பாஸ்பாரிக் அமிலம் போதும். அது ஆக்சிஜனேற்றாது, கரி பெரும் தொல்லையாவதில்லை, சல்பர் டைஆக்சைடு வருவதில்லை. அதுவும் அரிக்கும் அமிலம்தான், கண்ணாடியும் கையுறையும் அவசியம். கார்பன் சட்டகம் இடம் மாறி எதிர்பாராத ஆல்கீன் வரும் சிக்கலும் அதோடு ஒழியாது. இன்னொன்று: தூய சைக்ளோஹெக்சீன் கடலோரத்தில் 83 டிகிரியில் கொதிக்கும். சூரியநெல்லி, மூணாறு போல 1,500 மீட்டரை ஒட்டிய மலையூர்களில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது சுமார் 77 டிகிரிக்கே வடியும். புத்தக எண்ணுக்காகக் காத்திருப்பவர் நல்ல வடிநீரையே தவறென்று கொட்டிவிடக்கூடும்.

பள்ளிக்கு இன்னும் எளிய வழி உண்டு. தடித்த சோதனைக்குழாயின் அடியில் எத்தனாலில் நனைத்த கனிமப் பஞ்சு, நடுவே அலுமினாத் தூள். தூளை நன்றாகச் சூடாக்கினால் ஆவி அதைக் கடக்கும்போதே எத்திலீனாகும், நீருக்கு மேல் பிடித்துக்கொள்ளலாம். சூட்டை நிறுத்துமுன் வாயு செல்லும் குழாயை நீரிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த நீர் பின்னோக்கி ஏறிச் சூடான கண்ணாடியை உடைக்கும். இந்த வாயுவில் சல்பர் டைஆக்சைடு வர வழியே இல்லை. புரோமின் நீர் நிறமிழந்தால் எத்திலீன் வந்துவிட்டது என்று மாணவர் நம்பி எழுதலாம்.