கையோடு ஒரு பாட்டில்

சொகுசுக் கப்பலில் ஏறுகிறவர் தன் ஒயினைக் கையோடு கொண்டுபோவது நல்லதா, கப்பலிலேயே வாங்கிக்கொள்வது நல்லதா என்று கேட்டால், போய்வந்தவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்வது: “கொண்டுபோங்க, காசு மிச்சம்.” இந்தப் பதிலில் பாதிதான் சரி. மலிவான பாட்டிலைச் சுமந்துபோவதில் கிடைக்கும் மிச்சம் சொற்பம். அந்த வழக்கத்தின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிக் கப்பல் நிறுவனங்கள் போட்டிருக்கும் விதிகளிலும் நியாயமானவை சில, பயணியை அவர் நினைத்ததைவிட அதிகமாகக் குடிக்கத் தள்ளுபவை சில. இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்வதும் திட்டுவதும் தவறு.

முதலில் விதிகள். ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய இரு பெரிய நிறுவனங்களிலும், குடிக்கும் வயது வந்த ஒருவர் 750 மி.லி. பாட்டில் ஒன்றை, மூடி திறக்காமல், ஏறும் நாளில் மட்டும் கொண்டுபோகலாம். அதைக் கேபினில் குடித்தால் கட்டணம் இல்லை. உணவுக்கூடத்துக்கு எடுத்துப்போனால் ‘கார்க்கேஜ்’ என்ற பெயரில் 15 டாலர் அளவுக்கு வசூலிப்பார்கள். நார்வீஜியன் நிறுவனம் எத்தனை பாட்டிலையும் அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏறும்போதே கார்க்கேஜ் கட்டிவிட வேண்டும். கேபினுக்குள் உட்கார்ந்து குடித்தாலும் விலக்கு இல்லை. டிஸ்னி கப்பல்களில் ஆளுக்கு இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுபோகலாம், வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த உரிமை மறுபடி கிடைக்கும். வைக்கிங் நிறுவனம் அளவும் வைக்கவில்லை, கட்டணமும் வாங்குவதில்லை. விஸ்கி, ரம் போன்றவற்றுக்குப் பெரும்பாலான கப்பல்களில் இடமே கிடையாது. இந்தத் தொகைகளும் அளவுகளும் அவ்வப்போது மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி கணக்கு. கடையில் 12 டாலருக்குக் கிடைக்கும் ஒயின் கப்பலில் 36 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல்கள் கடை விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு வைப்பது தரையிலும் உள்ள பழக்கம்தான். அதன்மேல் சேவைக் கட்டணம் தானாகவே ஏறும், 18 சதவீதம் என்று கொள்வோம். ஆக 42 டாலர் 48 சென்ட். நாமே கொண்டுபோனால் 12-ம் 15-ம் சேர்த்து 27. மிச்சம் 15 டாலருக்குச் சற்று மேல். அதற்காக ஒரு கண்ணாடிப் பாட்டிலை ஊரிலிருந்து காபந்து பண்ணிக்கொண்டு போக வேண்டுமா?

இதே கணக்கை 50 டாலர் பாட்டிலுக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலில் அது 110 என்றால், சேவைக் கட்டணத்தோடு 129 டாலர் 80 சென்ட். கொண்டுபோனால் 65 தான். சரிபாதி. கார்க்கேஜ் பாட்டிலின் விலையைப் பார்ப்பதில்லை. பத்து டாலர் ஒயினுக்கும் நூறு டாலர் ஒயினுக்கும் ஒரே தொகை. அதனால் இந்த விதி மலிவான பாட்டில்காரரைத் தண்டிக்கிறது, நல்ல பாட்டில்காரரை வாழவைக்கிறது. ‘ஒரு பாட்டில்தான்’ என்று கட்டுப்படுத்தும்போது, அந்த ஒன்றை நல்லதாகத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். வீட்டில் வெகுநாளாக வைத்திருந்தது, திருமண ஆண்டுக்கு என்று வாங்கியது, கப்பல் பட்டியலில் கண்ணில்கூடப் படாத சிறு தோட்டத்து ஒயின் என்று எதுவாகவும் இருக்கலாம். பல்லாயிரம் பேருக்கு ஒரே சரக்கை வாங்கி நிரப்பும் கப்பல்களின் பட்டியலில் பெரும்பாலும் இருப்பவை எந்தப் பெருங்கடையிலும் கிடைக்கும் பெயர்கள்தான்.

விலை அதிகமாக இருப்பதற்கு வரியைக் காரணம் சொல்ல முடியாது. பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலுக்கு ஏற்றும் சரக்குக்குப் பொதுவாகத் தீர்வை கிடையாது. சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கரையில் விற்கும் ஒயினில் உள்ள ஆல்கஹால் லிட்டருக்கு 88 சிங்கப்பூர் டாலர் தீர்வை. 13 சதவீத ஒயின் ஒரு பாட்டில் என்றால் எட்டரை டாலருக்கு மேல் தீர்வைக்கே போய்விடும், அதற்குமேல் ஜிஎஸ்டி வேறு. மரீனா பே முனையத்திலிருந்து கிளம்பும் கப்பலுக்கு அந்தப் பாரம் இல்லை. இருந்தும் உள்ளே ஓட்டல் விலைதான்.

காரணம் வியாபார முறையில் இருக்கிறது. கார்னிவல் குழுமத்தின் 2023 கணக்கில் மொத்த வருமானம் ஏறக்குறைய 2,160 கோடி டாலர். அதில் சுமார் 750 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், டிக்கெட்டுக்கு வெளியே வந்தது. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, கடைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். டிக்கெட்டைக் குறைத்து ஆளை ஏற்று, ஏறியவரிடம் மீதியை வாங்கு என்பது திட்டம். வைக்கிங் கப்பலில் கார்க்கேஜ் இல்லாததும், மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் ஒயின் தானாகவே வருவதும் தாராள குணத்தால் என்று நினைக்கக் கூடாது. அந்தப் பணம் டிக்கெட்டிலேயே வாங்கப்பட்டுவிட்டது.

நம் ஊரில் தியேட்டர் பாப்கார்ன் வழக்கும் இதே வகைதான். வெளி உணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. கப்பல் நிறுவனத்துக்கும் அந்த உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தியேட்டரில் மூன்று மணி நேரம். கப்பலில் ஏழு நாள், எழுந்து வெளியே போக வழி கிடையாது. விலக முடியாத இடத்தில் விதி போடுகிறவருக்குப் பொறுப்பு கூடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உணவுக்கூடத்தில் வாங்கும் 15 டாலர் எனக்கு நியாயமாகவே படுகிறது. அங்கே கண்ணாடிக் கோப்பை வருகிறது, வாளியில் ஐஸ் வருகிறது, திறந்து ஊற்ற ஆள் வருகிறார். பாதி மிஞ்சினால் அந்தப் பணியாளர் மூடியைத் திருப்பிப்போட்டு, லேபிளின் ஓரத்தில் கேபின் எண்ணைப் பேனாவால் எழுதி உள்ளே கொண்டுபோய்விடுவார். மறுநாள் இரவு நாம் உட்கார்ந்ததும் அதே பாட்டில் மேசைக்கு வந்துவிடும். இத்தனைக்கும் 15 டாலர் அதிகமில்லை. ஆனால் நார்வீஜியனைப்போல், கேபினுக்குள் குளியலறை டம்ளரில் ஊற்றிக் குடிப்பவரிடமும் அதே தொகையை வாங்குவதற்கு எந்தச் சேவையும் ஈடாக இல்லை. அது வெறும் சுங்கம்.

அதைவிடப் பெரிய தவறு டிரிங்க்ஸ் பேக்கேஜ். நாளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டால் ‘வேண்டிய மட்டும்’ குடிக்கலாம். நாளுக்கு 70 டாலர் என்று கொண்டால், 18 சதவீதம் சேர்ந்து 82 டாலர் 60 சென்ட். ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் ஒரு கேபினில் ஒருவர் இதை வாங்கினால் அதே கேபினில் உள்ள குடிவயது வந்த மற்றவரும் வாங்க வேண்டும் என்பது பொது விதி. கணவர் இரண்டு கோப்பை குடிப்பவர், மனைவி ஒன்றோடு நிறுத்துபவர் என்றாலும் விடமாட்டார்கள். இருவருக்கும் ஏழு இரவுக்கு 1,156 டாலர் ஆகிறது. கோப்பை ஒயின் 13 டாலர் என்று வைத்தால், கட்டிய காசை எடுக்கவே ஒருவர் நாளுக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கோப்பை குடித்தாக வேண்டும். ஒரு பாட்டிலில் 150 மி.லி. கோப்பை ஐந்துதான் தேறும். அதாவது ஆளுக்கு ஒரு பாட்டிலுக்கும் மேல், தினமும், ஏழு நாள் விடாமல், கரையில் ஊர் சுற்றும் நாட்களிலும்.

உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லப்பட்ட பிறகும், கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்ற எண்ணத்தால் மனிதரைக் குடிக்கவைக்கும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. கையோடு கொண்டுபோன ஒரு பாட்டில் இரண்டு இரவுக்குள் தீரும், தீர்ந்தால் தீர்ந்தது. இந்த வழக்கத்துக்கு நான் ஆதரவாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான், விலைகூட இரண்டாவதுதான்.

நிறுவனங்கள் கட்டுப்பாட்டுக்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. குடித்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் ஏறுகிறவர், சண்டை போடுகிறவர் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலிலும் மௌத்வாஷ் பாட்டிலிலும் வோட்காவை ஊற்றிக் கடத்துகிறவர்களும் உண்டு. அதன் விளைவாகத்தான் 2015-ல் கார்னிவல் நிறுவனம் பாட்டில் தண்ணீர்கூடக் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டது. கடத்தியவர் செய்த தப்புக்குக் குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்த தாய் அபராதம் கட்டினாள். ஆனால் பாதுகாப்புதான் நோக்கம் என்றால் பேக்கேஜின் உச்சவரம்பு எப்படி இருக்க வேண்டும்? கார்னிவலின் வரம்பு 24 மணி நேரத்தில் 15 மதுபானம். வெளியிலிருந்து வரும் ஒரு பாட்டில் ஒயினில் ஆபத்தும், உள்ளே விற்கும் பதினைந்தில் ஆபத்தின்மையும் இருக்க முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது துறைமுக விதி. வழியில் இறங்கி வாங்கும் மதுவை ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டுமே கப்பல் படியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி இரவில்தான் கேபினுக்கு அனுப்புகின்றன. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவுக்குப் போகிறோம் என்று வையுங்கள். எரிமலை வாய்க்குள் கப்பல் நிற்கும். சிறு படகில் இறங்கி, கேபிள் காரில் மேலே ஃபிரா ஊருக்கு ஏற வேண்டும். அங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. காற்று அப்படி அடிக்கும் என்பதால் கொடியை வட்ட வட்டமாகப் பின்னித் தரையோடு கூடையாக வளர்த்திருப்பார்கள். காய் அந்தக் கூடைக்குள் ஒளிந்துகொண்டு பழுக்கும். மழை அபூர்வம், இரவில் கடலிலிருந்து வரும் ஈரம்தான் நீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சையை அழித்த ஃபிலாக்சரா பூச்சி அந்த எரிமலை மண்ணில் பிழைக்கவில்லை. அங்கே விளையும் அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் புளிப்பும் உப்புச் சாயலுமாக, பொரித்த மீனுக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். மதியம் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் நின்று வாங்கிய பாட்டிலை இரவு மீனோடு திறக்க முடியாது. அது அலமாரியில் பூட்டிக் கிடக்கும், மேசைக்கு வேறு நாட்டு ஒயின் மூன்று மடங்கு விலையில் வரும். ஊர் ஊராகக் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்யும் பயணம், அந்த ஊரின் சாரத்தை நாக்குக்கு எட்டவிடாமல் தடுக்கிறது. கார்க்கேஜ் இரண்டு மடங்காக இருந்தாலும் கட்டத் தயாராக இருப்பவர்கள் ஏராளம். டிஸ்னியில் இது சாத்தியம் என்றால் மற்றவர்களுக்கு ஏன் முடியாது?

கொண்டுபோகும் பழக்கத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. விமானத்தில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கைப்பையில் போகாது, கப்பலிலோ பாட்டில் கைப்பையில்தான் வர வேண்டும். ஆகவே சென்னையிலிருந்து பறந்துபோய்க் கப்பல் ஏறுகிறவர் பெட்டிக்குள் துணி சுற்றி அனுப்பி, இறங்கியபின் மாற்றிக்கொள்ள வேண்டும். மறந்து பெரிய பெட்டியிலேயே விட்டால் முனையத்து எக்ஸ்ரேயில் மாட்டும். எல்லோர் பெட்டியும் கேபின் வாசலுக்கு வந்திருக்கும், நம்முடையது மட்டும் கீழ்த்தளத்தில் நிற்கும். போய்த் திறந்துகாட்டித்தான் எடுத்துவர வேண்டும். வண்டல் படிந்த பழைய சிவப்பு ஒயின் இந்தக் குலுக்கலில் கலங்கிப்போகும், தெளிய நாளாகும். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: கப்பலில் வாங்கிய பாட்டில் கெட்டிருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். நாம் கொண்டுபோனதில் ஈரக் காகித நாற்றம் அடித்தால் நஷ்டம் நம்முடையது, கட்டிய கார்க்கேஜ் உட்பட.

ஊழியர் பக்கமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் நாடு என்று பல ஊர்களிலிருந்து மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வந்து பரிமாறுகிறவர்களின் கையில் சேர்வதில் அந்த 18 சதவீதத்துக்கும் பங்கு உண்டு. நாம் பாட்டிலைக் கொண்டுபோனால் அவர்களுக்கு வேலை குறைவதில்லை, வரவு குறைகிறது. கார்க்கேஜ் நிறுவனத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு, திறந்து ஊற்றியவர் கையில் தனியாக ஐந்து டாலரோ பத்தோ கொடுப்பதுதான் முறை. மிச்சப்பட்டதிலிருந்து கொடுக்கிறோம், நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆகவே கப்பல் ஏறப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: உங்களால் முடிந்தவற்றில் சிறந்த பாட்டிலாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கேபினில் ஒளித்துக் குடிக்காமல் உணவுக்கூடத்துக்கே கொண்டுபோய்க் கார்க்கேஜ் கட்டித் திறக்கச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் வேண்டுமென்றால் கோப்பைக் கணக்கில் வாங்குங்கள். பேக்கேஜை மட்டும், எத்தனை சதவீதத் தள்ளுபடி என்று காட்டினாலும், வாங்காதீர்கள். பயணம் முடிந்ததும் நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதுங்கள்: துறைமுகத்தில் வாங்கிய ஒயினை அன்றிரவே மேசையில் திறக்க அனுமதி வேண்டும், கேபினுக்குள் குடிப்பதற்குக் கட்டணம் கூடாது, ஒருவர் பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும்.