மாடிப்படிக்கும் வாடகை

வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் செழியனின் 'டு லெட்' படத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கட்டாயம் பாருங்கள்.

2019 பிப்ரவரி 21-ல் தியேட்டருக்கு வந்த படம். தேசிய விருதும் வாங்கியது. கதை நடப்பது 2007, சென்னை. சினிமாவில் காலூன்றப் பார்க்கும் இளங்கோ, மனைவி அமுதா, ஒரு சின்னப் பையன். 'காலி பண்ணுங்க' என்கிறார் வீட்டுக்காரம்மா. அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, பின்னணி இசைகூட இல்லை.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது, இவர்கள் குடியிருக்கும்போதே அடுத்து வரப்போகிறவர்கள் வீடு பார்க்க வரும் இடங்கள். கதவு தட்டப்படுகிறது. முன்பின் தெரியாதவர்கள் உள்ளே நுழைந்து சமையலறை வரை பார்க்கிறார்கள். பெரிய வீடென்றால் இன்னொரு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சின்ன வீட்டில் எங்கே போவது? வீட்டின் அளவு என்பது சதுர அடிக் கணக்கு மட்டுமில்லை, மானத்தின் கணக்கும்தான் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் செழியன்.

இவ்வளவு பாராட்டிவிட்டதால் ஒரு சண்டையும் போடலாம். ஐ.டி. கம்பெனிகள் வந்தன, கை நிறையச் சம்பளம் வந்தது, அதனால் வாடகை எகிறியது என்பது படம் தரும் விளக்கம். நம் எல்லோருக்கும் பிடித்த விளக்கம். ஆனால் பாதி உண்மை.

ரீலைப் பின்னால் சுற்றுங்கள். 1988-ல் பாலு மகேந்திராவின் 'வீடு'. அந்தப் படத்தை எல்லோரும் 'வீடு கட்டுகிற கதை' என்றே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அர்ச்சனா எதற்காகக் கட்டத் தொடங்குகிறார்? குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதால்; வேறு வீடு கட்டுப்படியாகாததால். அப்போது சென்னையில் ஐ.டி. ஏது? இன்னும் சுற்றினால் 1968, பாலசந்தரின் 'எதிர்நீச்சல்'. ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வசிக்கும் மாதுவாக நாகேஷ். இருபது வருஷத்துக்கு ஒருமுறை நம் சினிமா இதே அழுகையை அழுதிருக்கிறது. கம்ப்யூட்டர் பையன்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. அவர்களே ஒரு ஃப்ளாட்டில் ஆறு பேர் படுத்துக்கொண்டு, 'பேச்சிலர்னா தர்றதில்ல சார்' என்று திருப்பியனுப்பப்பட்டவர்கள்தாம்.

பின் யார்தான் குற்றவாளி? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 11 லட்சம். வீடு இல்லாமல் இல்லை. வாடகைக்கு விட மனசில்லை. ஐம்பது லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட்டில் வாடகையாக வருஷத்துக்கு மூன்று சதவீதம் தேறினால் பெரிய விஷயம். பாங்க் வட்டி அதைவிட மேல். குடிவைத்தால் காலி பண்ண மாட்டானோ என்ற பயம் வேறு. அதனால் ஓனர் பூட்டி வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருக்கிறார். திறந்திருக்கும் கொஞ்ச வீடுகளுக்குத்தான் இத்தனை அடிபிடி.

ஒரு வேடிக்கை. படம் வெளியான மறுநாள், 2019 பிப்ரவரி 22 அன்று, தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1960-ம் வருஷச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. கைதட்டுமுன் முழுசாகப் படியுங்கள்: வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய! இந்தச் சின்ன ஓட்டை வழியே பழைய பத்து மாச அட்வான்ஸ் தலை குனியாமல் உள்ளே வரலாம்.

அளவு விஷயம் இன்னும் மோசம். வீடு வாங்குகிறவருக்கு 2016-ன் ரெரா சட்டம் இருக்கிறது. சுவருக்குள் உண்மையில் புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியாவை பில்டர் சொல்லியாக வேண்டும். வாடகைக்கு வருபவருக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவரிடம் இன்னமும் 'அறுநூறு சதுர அடி சார்' என்றுதான் சொல்கிறார்கள். அது சூப்பர் பில்ட்-அப். லிஃப்ட், காரிடார், மாடிப்படி எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒரு பங்கு சேர்த்த கணக்கு. மனிதர் வசிக்கும் அறைகளில் ஒன்றாவது குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டடக் கோட்பாடு. நம் பாஷையில் பத்துக்குப் பத்து. 'சிங்கிள் பெட்ரூம்' என்று காட்டப்படும் இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். முக்கால்வாசி திறந்ததும் கட்டிலில் இடிக்கும்.

எனவே ஒரு யோசனை. அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது நூறு ரூபாய்க்கு ஒரு இஞ்ச் டேப் வாங்கிக்கொண்டு போங்கள். சுவருக்குச் சுவர் அளந்து, பெருக்கி, வாடகையை அதால் வகுங்கள். புரோக்கர் முறைப்பார். பரவாயில்லை, நாலு பேர் அளந்தால் ஐந்தாவது ஆளிடமாவது சரியான அளவைச் சொல்வார்.

மாது மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தான். நாம் மாடிப்படிக்கும் சேர்த்து வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.