விலைபோகாத வல்லிசை

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணமும் ஒன்று. வல்லெழுத்து மிகுந்து ஒலிப்பது அது. கலிங்கத்துப்பரணியின் போர்ப்பகுதியை வகுப்பில் வாய்விட்டுப் படித்த ஆசிரியர் அதன் ஆற்றலை அறிவர். மேலைநாட்டார் ‘ஹெவி மெட்டல்’ என வழங்கும் இசையையும் நாம் வல்லிசை என்றே குறிக்கலாம். பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர் நால்வர் ‘பிளாக் சப்பாத்’ என்னும் பெயரில் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டை அதன் தோற்றுவாயாகக் கூறுவர். அக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். அதனால் மெல்லிய நரம்புகளைக் கட்டி, பின்னர் அவற்றைத் தளர்த்தியும் வாசித்தார். அவ்விசையின் தாழ்ந்த, கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வழியில் 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய குழு ‘ருத்ரா’. தமிழர் முன்னின்று நடத்துவது. (பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெயரிலும் அச்சொல் உண்டு என்பதை மாணவர் நினைவிற் கொள்க.) உபநிடதக் கருத்துகளை வடமொழியிலும் ஆங்கிலத்திலும் வல்லிசையாக்குவது இக்குழுவின் நெறி. 2005இல் வெளிவந்த ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் 1’ என்னும் தட்டு, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்த முத்தொகுதியின் முதற் பகுதி. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தைச் சார்ந்த யூஜீன் டைரியநாதன் இக்குழுவின் இசையைப் பற்றி 2009இல் ஆய்வுக்கட்டுரை எழுதியுள்ளார்.

இத்தட்டு திரையிசைத் தட்டுகளைப் போல் விற்றதன்று. அதனாலேயே இதனைத் தாழ்த்துவோர் உளர். அதனாலேயே உயர்த்துவோரும் உளர். இருவர் கூற்றும் திறனாய்வு ஆகாது. செவியில் விழுவதைக் கொண்டே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

ஓதலின் சீரான எடை கித்தாரின் எடையோடு இயைந்து நிற்கும் இடங்கள் இத்தட்டின் சிறப்பு. முரசு முடுகி வந்து அவ்வோதலைத் தாங்கும்போது, வலிந்து ஒட்டவைத்த உணர்வு எழவில்லை. ஆனால் ஆங்கிலப் பகுதிகள் உறுமற் குரலில் மூழ்கிவிடுகின்றன. உபநிடதமோ ஆசான் அருகமர்ந்து கேட்கும் மாணவனுக்கு உரைத்தது. ஆசான் சொல் விளங்காத வகுப்பில் பயன் என்ன? கைத்தாளைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டுமெனின், அஃது இசையின் குறையே.

மற்றொன்றையும் கூறாதிருக்க இயலவில்லை. மூலநூல் வடமொழியாதலின் அம்மொழியை மேற்கொண்டனர். அதனைக் குறை கூறேன். எனினும் தமிழர் பாடும் மெய்ப்பொருளிசையில், திருமூலர் முதல் சித்தர் வரை வன்மையும் மெய்யுணர்வும் ஒருங்கே நிறைந்த தமிழுக்கு உரிய இடம் வாய்க்கவில்லையே! நம் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டத்து இளைஞர், திருவிழாக்களில் வளைந்த கோலால் உறுமித் தோலைத் தேய்த்து எழுப்பும் ஒலியும் உறுமலே. அதனை வெற்றிரைச்சல் என்று கடிந்துகொள்ளும் பெரியோர், ருத்ராவின் முரசையும் அவ்வாறே கடிவர். அவ்விளைஞர் கையில் இவ்விசை சேருமாயின், தமிழ்ச் சொல்லுக்கும் வழி பிறக்கலாம்.

வகுப்பில் இத்தட்டைக் கேட்பிக்கலாமா என வினவுவோர்க்கு என் விடை இது: முழுமையும் வேண்டா. வல்லிசை வண்ணம் கற்பிக்கும் நாளில், பரணியைப் படித்தபின், ஓதலும் முரசும் சேரும் இடத்தை மட்டும் கேட்பிக்கலாம்.