பேச்சும் பேசினவனும்

எழுத்தில் கிடைக்கிற பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு பேசினவனைத் தெரிந்துகொண்டுவிட முடியுமா? நாவல் எழுதுகிறவனுக்கு இது பழைய கேள்வி. இன்டர்நெட் வந்த பிறகு மொழி ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது.

யானிஸ் ஆண்ட்ரூட்ஸோபூலோஸ் என்ற மொழியியல் அறிஞர் 2008இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. ஜெர்மனியில் குடியேறிய சமூகத்தாரும் ராப் பாட்டு ரசிகர்களும் இன்டர்நெட்டில் பழகும் இடங்களைக் கவனித்தவர் அவர். எழுதியதைக் கத்தரித்து எடுத்து, எந்த மொழியில் எத்தனை சொல் என்று அட்டவணை போடுவது சுலபம். அது போதாது என்கிறார் அவர். அங்கேயே நெடுநாள் புழங்கிப் பார்க்க வேண்டும். எழுதியவர்களையே தேடிப் போய்ப் பேசவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம் துலங்கும் என்பது அவர் கட்சி.

நல்ல கட்சிதான். நம் பையன்கள் செல்போனில் "ஓகே டா" என்று எழுதுகிறார்கள். அட்டவணைக்காரருக்கு அதில் ஒரு ஆங்கிலச் சொல், ஒரு தமிழ்ச் சொல்; கணக்கு முடிந்தது. ஆனால் உயிர் முழுவதும் அந்த 'டா'வில்தான் இருக்கிறது. அது நெருக்கமா, அலட்சியமா, சண்டைக்கு முன்னோட்டமா என்பது அந்த இருவருக்குத்தான் தெரியும்.

அவர்களையே கேட்டுவிட்டால் போதுமா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். ப்ளோம், கம்பர்ஸ் என்ற இருவர் நார்வேயில் ஹெம்னஸ்பெர்கெட் என்ற சிற்றூரில் செய்த ஆராய்ச்சி 1972இல் வெளிவந்தது. நண்பர்கள் கூடிப் பேசியதைப் பதிவு செய்தார்கள். ஊர்ப் பேச்சுதான் பேசுகிறோம் என்று நினைத்திருந்தவர்கள், நடுவே படித்தவர் பாஷைக்குத் தாவியிருந்தார்கள். பதிவைப் போட்டுக் காட்டியபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. இனி அப்படிப் பேசமாட்டோம் என்றார்கள். மறுபடி பதிவு செய்தபோதும் அதே தாவல்! தன் பேச்சைப் பற்றி மனிதன் சொல்வது, தன்னைப் பற்றி அவன் கட்டிக்கொண்டிருக்கும் கதை. கதையும் முக்கியந்தான், ஆனால் அதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு சிநேகிதர்களுக்கு என்று எழுதியதை ஐந்தாவது ஆள் படிக்கிறான். பெயரை மாற்றிவிட்டேன் என்று ஆராய்ச்சிக்காரர் சமாதானம் சொல்வார். இன்டர்நெட்டில் அது செல்லாது. யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதிய வாக்கியம் என்றால், அதை அப்படியே தேடிப் பார்த்தாலே எழுதியவன் அகப்பட்டுவிடலாம். நாவலாசிரியன் கேட்ட பேச்சைத் தன் பாத்திரத்தின் வாயில் வைத்து உருமாற்றிவிடுகிறான். ஆராய்ச்சிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. சொல்லை மாற்றினால் ஆதாரமே போய்விடும். ஆகவே அவர் முன்கூட்டியே அனுமதி கேட்டாக வேண்டும். கேட்டதும் பேச்சின் இயல்பு கொஞ்சம் கெடத்தான் செய்யும். கெடட்டும். ஒட்டுக் கேட்டுச் சேர்த்த முழு உண்மையைவிட, கேட்டு வாங்கிய அரை உண்மை மேல் என்பதே என் அபிப்பிராயம்.