ஆசானாக வந்து மாணவரானவர்

இசைத் திறனாய்வு என்றதும் நம்மவர் நினைவு தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் செல்லும். நான் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது, ஜெர்மனி நாட்டு ராக் இசைக்குழு ஒன்றின் இசைத்தட்டு. கெடாத் தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழாசிரியன் ஒருவனுக்கும் அதற்கும் என்ன உறவு என்று வினவலாம். அவ்விசைத்தட்டில் நாதசுவரம் ஒலிக்கிறது. அதனை ஊதியவர் அக்கருவியைக் கற்கத் தொடங்கியது நம் மலேசிய மண்ணில். இவ்விரு செய்திகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

'எம்பிரியோ' என்னும் அக்குழு 1969ஆம் ஆண்டில் மூனிக் நகரில் தோன்றியது. அதனை நடத்தியவர் கிறிஸ்டியன் புர்ச்சார்ட் என்னும் தாளக் கலைஞர். ராக் இசையின் வேகத்தோடு ஜாஸையும் கீழைநாட்டு இசைகளையும் இணைத்துப் பார்க்கும் சோதனைக் குழு அது. 1973இல் வெளிவந்த 'வீ கீப் ஆன்' என்னும் இசைத்தட்டில் இக்குழுவினருடன் இணைந்தவர் சார்லி மாரியானோ. 1923இல் பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்த இவர், சாக்சபோன் வாசிப்பில் முன்னணியில் நின்ற ஜாஸ் கலைஞர். சார்லஸ் மிங்கஸ் 1963இல் பதிவு செய்த புகழ்பெற்ற இசைத்தட்டில் இவரது குழலும் ஒலிக்கிறது. பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியில் ஆசிரியராகவும் விளங்கினார்.

1960களின் பிற்பகுதியில், மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்க மாரியானோ கோலாலம்பூருக்கு வந்தார். அங்கேதான் நாதசுவரம் அவர் செவியில் விழுந்தது. கற்பிக்க வந்தவர் கற்கத் தொடங்கினார். பின்னர்த் தென்னிந்தியாவுக்கும் சென்று பயிற்சியைத் தொடர்ந்தார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். தம் துறையில் பெயர் பெற்றவர். அந்நிலையில் ஒருவர் மீண்டும் தொடக்கப் பாடத்தில் அமர்வது எளிதன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

இரு கருவிகளும் ஊதப்படுவனவே ஆயினும், ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குப் பெரிதும் உதவாது. சாக்சபோன் உலோகத்தால் ஆனது; ஒற்றை நாணற்பட்டை அதிர ஒலிப்பது; விசைகளை அழுத்தினால் சுரம் நிலையாக நிற்கும். ஆச்சா மரத்தால் ஆன நாதசுவரத்துக்கு விசைகள் இல்லை. ஏழு விரல்துளைகளும், சுருதிக்கெனக் கீழே ஐந்து துளைகளும் உண்டு. சுரத்தை வளைப்பதும் அசைப்பதும் சீவாளியைக் கவ்விய உதட்டாலும், மூச்சாலும், விரலாலும் நிகழ்வன. உதடு சற்றே தளர்ந்தாலும் சுருதி விலகிவிடும். சிறுவயதில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், மேளக்காரர் எதிரே நின்று புளியங்காயைக் கடித்து அவர் வாயில் நீர் ஊறச் செய்து வேடிக்கை பார்த்த குறும்பர்களுள் நானும் ஒருவன். அந்தக் கலைஞரின் உழைப்பு எத்தகையது என்பது அன்று எனக்குத் தெரியாது.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். அதன் பாடங்கள் பெரும்பாலும் ஒரு சிறு தாள அமைப்பையோ பாஸ் கித்தார் வரிசையையோ திரும்பத் திரும்ப நிறுத்தி, அதன்மேல் கற்பனையாக இசையை வளர்த்துச் செல்கின்றன. நம் மேளத்தில் ஒத்து இடையறாது ஒலிக்க, அதன்மேல் நாயனம் உலவுவது நினைவுக்கு வரும். ராக் இசைக்குள் நாதசுவரம் நுழைவதற்கு இந்த ஒற்றுமையே வழிவிட்டது எனலாம்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. இராசரத்தினம் பிள்ளையின் தோடியில் திளைத்த செவிக்கு இங்கே இராக ஆலாபனை கிடைக்காது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் நெறியும், படிப்படியாக இராகத்தின் உருவத்தை எழுப்பும் பொறுமையும் இதில் இல்லை. தவிலின் சொற்கட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் மேற்கத்திய முரசு முழங்குகிறது. இலக்கணம் கடந்த ஓசையின் ஈர்ப்பே இங்கு மேலோங்கி நிற்கிறது.

ஆயினும் இதனை வெறும் அலங்காரம் என்று தள்ளுதல் முறையன்று. அந்நாளில் மேலைநாட்டார் சிலர் கீழைநாட்டுக் கருவிகளை மணமூட்டும் பொருள்போல் ஓரிரு நொடிகள் தூவிச் சென்றனர். மாரியானோவோ நாதசுவரத்தைத் தம் சாக்சபோனுக்கு நிகரான இடத்தில் வைத்தார். பின்னாளில் தம் பெயரில் வெளிவந்த இசைத்தட்டுகளிலும் அதனை ஊதினார். கருநாடக இசை வித்துவானாகத் தம்மைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கற்ற கருவியைக் கொண்டு தம் மொழியையே பேசினார். இந்த நேர்மைதான் அக்கூட்டிசையின் சிறப்பு என்பது என் துணிபு.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. மங்களூர்ப் பகுதியில் 1949இல் பிறந்த கத்ரி கோபால்நாத், நாதசுவர வித்துவானின் மகன். அவர் சாக்சபோனைக் கையிலெடுத்து, அதன் விசைகளில் மாற்றங்கள் செய்து, கமகத்தை அதில் கொணர்ந்தார். 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தில் ஒலிக்கும் சாக்சபோன் அவருடையது. நம் மாணவர்களும் கேட்டிருப்பர். ஒருவர் நாதசுவரக் குடும்பத்திலிருந்து சாக்சபோனுக்குச் சென்றார். மற்றவர் சாக்சபோனிலிருந்து நாதசுவரத்துக்கு வந்தார். இருவரும் கற்றலுக்கு அஞ்சவில்லை.

அஞ்சியவர்கள் நாம்தாம். நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை காலையில் பால்மரம் சீவுவார். திருவிழாக் காலத்தில் நாதசுவரம் ஊதுவார். பதிவேட்டில் தந்தையின் தொழிலை எழுதும்போது, "மேளம் என்று போடாதீர்கள், ஐயா" என்றான் அவன். அத்தொழிலோடு ஒட்டிக்கிடந்த சாதிப் பழிப்பு அந்தப் பிஞ்சு உள்ளத்தையும் சுட்டிருந்தது. நானும் அவன் கேட்டவாறே எழுதினேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்த எனக்கு, அவன் தந்தையை வகுப்புக்கு அழைத்து ஊதச் செய்யலாம் என்று தோன்றவில்லை. இன்று அதனை எண்ணி வருந்துகிறேன்.

கெடா அரசரின் நோபாட் இசையில் ஒலிக்கும் செருனாய், நாதசுவரத்தின் உறவுக் கருவியே. அலோர் ஸ்டாரில் அதற்கெனத் தனி மாளிகையே உண்டு. நம் கோயில்களிலோ நாதசுவரம் ஊதத் தமிழகத்திலிருந்து கலைஞரை வரவழைக்கிறோம்; இயலாதபோது பதிவு செய்த இசையை ஒலிபரப்புகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தபோது, கோயில் மேளக்காரரின் மகனும் உடன் பெயர்ந்தான். குழல் வீட்டுப் பரணில் தங்கிவிட்டது.

ஆசிரிய நண்பர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். முதலில் இராசரத்தினம் பிள்ளையின் தோடியையும், அடுத்து மாரியானோவின் நாதசுவரத்தையும் மாணவர் கேட்கட்டும். எது உயர்ந்தது என்று வினவ வேண்டா. வேறுபாடு யாது என்று எழுதச் சொல்லுங்கள். பின்னர், "உங்கள் குடும்பத்தில் நாதசுவரம் ஊதியவர் எவரேனும் உண்டா?" என்று கேளுங்கள். ஒரு கை தயங்கி உயர்ந்தாலும் போதும். அம்மாணவனின் தந்தையையோ தாத்தாவையோ மறுவாரமே வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.