தப்பொலியும் தோட்டத்து நேரமும்

சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் நெடுங்கவிதை விடியற்காலைத் தப்பொலியுடன் தொடங்குகின்றது. இவ்வொலியை மக்கள் கலையின் குரலாக மட்டும் கொள்வது பொருந்தாது. தமிழகத்திலிருந்து தொழிலாளரோடு மலையேறிய கைவினைஞன், மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி நெருப்பிற் காய்ச்சி இறுக்கிய கருவி அது. கடிகாரமில்லா லயங்களில் அதுவே கடிகாரமாயிற்று. காமன் கூத்திலும் இழவு வீட்டிலும் அது மக்களின் நேரத்தை அறிவித்தது. 'பிரட்டு'க்கு ஆளழைக்கையில் துரையின் நேரத்தை அறிவித்தது. கருவி செய்த கை ஒன்றே. நேரத்துக்கு உடையவர் வேறு. இம்முரணே கவிதையின் தொடக்கத்துக்கு வலிமை தருகின்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்களுக்கு மண் மட்டுமன்று, விடியலும் சொந்தமாயிருக்கவில்லை என்பதை அத்தப்பொலி உணர்த்துகின்றது எனலாம்.