95 ஆக்டேனுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் காதில் விழும் முதல் கேள்வி, "நார்மலா, பிரீமியமா சார்?" என்பதுதான். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்து உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், இன்ஜினுக்கும் நல்லது என்று சொல்லாத வாட்ஸ்அப் குழு இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர்களும் அதற்குத் தோதானவை. ஒன்றுக்குப் பெயர் ஸ்பீட், இன்னொன்றுக்கு பவர். பெயரைக் கேட்டாலே வண்டி பறப்பதாகத் தோன்றிவிடும். மறுபக்கம், "எல்லாம் ஏமாத்து வேலை, எந்த பெட்ரோலும் ஒண்ணுதான்" என்று அடித்துச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. இரு தரப்பும் பாதிதான் சரி. எந்தப் பாதி என்பதில்தான் நம் பணம் இருக்கிறது.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். 1927இல் அமெரிக்காவின் எத்தில் கார்ப்பரேஷனில் பணியாற்றிய கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இந்த அளவுகோலை வகுத்தார். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றால், சோதனை இன்ஜினில் அது 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். எதில் அப்படி நடந்துகொள்கிறது? அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிப்பதில். அவ்வளவே. ஒரு லிட்டரில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்ற தகவல் அந்த எண்ணில் எங்கும் இல்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டியது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை இந்த ஓர் உதாரணத்தின் முன்னாலேயே நிற்காது.

தாக்குப்பிடிப்பது ஏன் முக்கியம்? பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறியை விடுகிறது. தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள், மூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடித்தால், அதுதான் நாக்கிங். மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது இன்ஜினுக்குள் சில்லறை குலுங்குவது போல ஒரு சத்தம் வருமே, அது இதுதான். வேலூர் வெயிலில், ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனால் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

இந்தச் சத்தத்தை அடக்க உலகம் கொடுத்த விலை சிறியதல்ல. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே நாக்கிங் நின்றுவிடுவதைக் கண்டார். மலிவாக ஆக்டேன் கிடைத்தது, கூடவே பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமும் ஏறியது. இந்தியா முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான்.

இன்றைய கார்களில் நாக்கிங்கைக் காவல் காக்க ஒரு சென்சார் உண்டு. இன்ஜின் பிளாக்கில் எழும் அதிர்வை அது உணர்ந்ததும், கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடுகிறது. இன்ஜின் பிழைக்கும், சக்தியும் மைலேஜும் கொஞ்சம் குறையும். ஆக்டேனுக்கு வேலை இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். குறைந்த ஆக்டேனால் நேரம் தள்ளிப்போன இன்ஜினில் உயர் ஆக்டேன் ஊற்றினால், நேரம் பழைய இடத்துக்குத் திரும்பும், இழந்த சக்தியும் திரும்பும். 91லேயே தட்டாமல் ஓடும் இன்ஜினில் இழந்தது எதுவும் இல்லை. ஆகவே திரும்பக் கிடைக்கவும் ஏதும் இல்லை. அதில் 95 ஊற்றினாலும் 100 ஊற்றினாலும் கம்ப்யூட்டருக்குச் செய்தி ஒன்றுதான்.

இப்போது எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றை எடுத்துக்கொள்வோம். மாஸ்டா நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் விற்ற சிஎக்ஸ்-9 காரின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு இரண்டு சக்தி எண்களை வெளிப்படையாகவே அறிவித்தது: அந்நாட்டின் 87 ஆக்டேனில் 227 குதிரைத்திறன், 93 ஆக்டேனில் 250. அதே இன்ஜின், பெட்ரோல் மட்டும் வேறு, வித்தியாசம் 10 சதவீதம். இதை ஏமாற்று வேலை என்று தள்ள முடியாது. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தத்தைத் தாங்கும் பெட்ரோல் கிடைத்தால் இன்ஜின் இன்னும் துணிந்து ஓடுகிறது. அதே நிறுவனம் டர்போ இல்லாத ஸ்கைஆக்டிவ் இன்ஜினை ஐரோப்பாவின் 95 ஆக்டேனை நம்பி 14:1 கம்ப்ரஷன் விகிதத்தில் வடிவமைத்தது. அமெரிக்காவின் சாதா பெட்ரோலுக்கு அதை 13:1 ஆகக் குறைத்துக்கொண்டது. கம்ப்ரஷன் கூடினால் அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை வாங்கலாம், மைலேஜும் கூடும். ஆனால் அந்த ஆதாயம் பிறப்பது தொழிற்சாலையில், இன்ஜினை வரையும் மேசையில். ஏற்கெனவே குறைந்த கம்ப்ரஷனில் செய்து விற்ற காருக்குப் பங்கில் வைத்து அதை ஊற்றிக் கொடுக்க முடியாது.

எண்களால் இதைச் சோதித்தவர்களில் நம்பத்தகுந்தது அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ. எரிபொருள் விற்பதோ கார் விற்பதோ அதன் தொழில் இல்லை. 2016இல், சாதா பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட மூன்று கார்களை அது எடுத்துக்கொண்டது. நான்கு சிலிண்டர் மாஸ்டா 3, ஆறு சிலிண்டர் டாட்ஜ் சார்ஜர், எட்டு சிலிண்டர் டொயோட்டா டன்ட்ரா. பிரீமியம் போட்டதில் சக்தியிலும் மைலேஜிலும் புகையிலும் பொருட்படுத்தத்தக்க மாற்றம் ஒன்றும் இல்லை. அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலரை இப்படி வீணாக்கினார்கள் என்று அது கணக்கிட்டது. மறு ஆண்டு, பிரீமியம் கட்டாயமில்லை, போட்டால் நல்லது என்று தயாரிப்பாளரே சொன்ன கார்களைச் சோதித்தது. மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. சராசரிக்குள்ளும் ஒரே சீர் இல்லை: காடிலாக் எஸ்கலேடில் மைலேஜ் 7.1 சதவீதம் ஏறியது, ஆடி ஏ3யில் 1 சதவீதம் இறங்கியது. அப்போது அங்கே பிரீமியத்தின் விலை சாதாவைவிட 20 முதல் 25 சதவீதம் அதிகம்.

அமெரிக்கச் சோதனை நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அங்கே ஆக்டேனைக் கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 87, நம் அளவில் ஏறத்தாழ 91. இங்கே சாதா பெட்ரோலுக்கு நெடுங்காலம் இருந்த குறைந்தபட்ச அளவும் அதே 91 என்பதால் ஒப்பீடு செல்லும்.

"எங்க வண்டியில ரெண்டு கிலோமீட்டர் கூடுதலா கொடுக்குதே?" என்பவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் அளக்கும் முறையில்தான் எனக்கு ஐயம். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். முனை தானாக நிற்கும் இடம் பங்குக்குப் பங்கு மாறும். 30 லிட்டரில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே பிழை 3 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஏஏஏ ஆய்வகத்தில் கண்ட சராசரி ஆதாயமே 2.7தான். பிழையைவிடச் சிறிய ஆதாயத்தை அந்த அளவுகோலால் காண முடியாது. போதாததற்கு, விலை கொடுத்து நல்ல பெட்ரோல் போட்டவர் அந்த வாரம் ஆக்சிலரேட்டரைச் சற்று மென்மையாகவே மிதிப்பார்.

விலைக் கணக்கு எளிது. சாதா 100 ரூபாய், பிரீமியம் 108 என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 16.2 ஓடினால்தான் கொடுத்த காசுக்குக் கணக்கு நேராகும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை டெல்லியில் 160 ரூபாய்க்கு அறிமுகம் செய்தபோது, அங்கே சாதா பெட்ரோல் 82 ரூபாய்ச் சொச்சம். அந்த விலைக்கு ஈடுகட்ட அதே 15 கிலோமீட்டர் கார் 29 ஓட வேண்டும். அதை மைலேஜுக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார், பெரிய பைக் வைத்திருப்பவர்களுக்கான சரக்கு அது, அவர்களும் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை.

பிரீமியத்துக்குச் சார்பாக இன்னொரு வாதம் உண்டு. அதில் இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைக்கும் சேர்மானங்கள் இருக்கின்றன என்பார்கள். இருக்கலாம், அவற்றால் பயனும் இருக்கலாம். ஆனால் அது ஆக்டேனின் வேலை இல்லை. 91 ஆக்டேன் பெட்ரோலிலும் அதே சேர்மானத்தைக் கலக்க முடியும். இரண்டையும் ஒரே விலைச்சீட்டில் கட்டி விற்பது வியாபாரத் தந்திரம்.

இந்தியாவில் இந்த விவகாரம் இப்போது இன்னொரு திருப்பத்தில் நிற்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 வந்தபின் சாதா பெட்ரோலின் ஆக்டேனே 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. இது உண்மையானால் 95 ஆக்டேன் என்று எண்ணைக் காட்டி விற்கும் பிரீமியத்துக்கு, எண்ணளவில் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. மைலேஜ் குறைகிறது என்ற புகாருக்கு அமைச்சகம் சொன்ன பதில்களில் ஒன்று, உயர் ஆக்டேன் நவீன இன்ஜினுக்கு நல்லது, இ20க்கென ட்யூன் செய்த வண்டிகள் நன்றாக வேகமெடுக்கும் என்பது. அந்த வாக்கியத்தின் உயிர் "ட்யூன் செய்த" என்ற சொல்லில் இருக்கிறது. சாலையில் ஓடும் பழைய வண்டிகள் அப்படி ட்யூன் செய்யப்பட்டவை அல்ல. அவற்றுக்கு ஆக்டேன் ஏறியதால் வரவு இல்லை, ஆற்றல் இறங்கியதால் செலவு உண்டு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று அது மதிப்பிட்டது. ஆக்டேன் ஏறி மைலேஜ் இறங்கும் நேரடிச் சான்று இது. இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும்: எத்தனால் கலக்காத பெட்ரோல் போட்டதும் மைலேஜ் கூடியது என்று ஒருவர் சொன்னால் நம்பலாம், பெருமை மட்டும் ஆக்டேனுக்குச் சேராது.

என் தீர்ப்பு இது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் இருக்கும் ஒட்டியையோ வண்டியோடு வந்த கையேட்டையோ பாருங்கள். 91 போதும் என்றிருந்தால் சாதா பெட்ரோலே போதும், பிரீமியத்துக்குத் தரும் ஒவ்வொரு ரூபாயும் வீண். 95 பரிந்துரை என்றிருந்தால், பாரம் ஏற்றி மலைப்பாதையில் விரட்டி ஓட்டுபவருக்குக் கொஞ்சம் பலன் உண்டு, காசு மிச்சமாகாது. 95க்கோ 98க்கோ குறையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் பேரம் பேசாமல் அதையே போடுங்கள். அங்கே மிச்சம் பிடித்தால் இன்ஜின் வேலையில் செலவாகும். சாதாரண 100, 125 சிசி பைக்கில் பெரும்பாலும் நாக் சென்சாரே கிடையாது. உயர் ஆக்டேனைக் கண்டுகொள்ள அங்கே ஆளில்லை. பழைய வண்டி தட்டினால் முதலில் கார்பன் படிவையும் பிளக்கையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு பெட்ரோலை மாற்றலாம்.

அமெரிக்கப் பங்குகளில் ஆக்டேன் எண்ணை மஞ்சள் ஒட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். இங்கேயும் சாதா, பிரீமியம் எதுவானாலும் ஆக்டேன் எண், எத்தனால் சதவீதம் இரண்டையும் ஒவ்வொரு முனையிலும் கண்ணில் படும்படி எழுத வைக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது காசு கொடுக்கும் நாம்தான்.